கடைசிப் போத்தலில் ஒரு மிடறு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி செய்தி ஆசிரியர் சொன்னார். இப்படியானவற்றை முடி நரைத்தவர்கள்தான் எழுதுவது வழக்கம். நான் ஓய்வுபெற்றுப் போகவில்லை. இரண்டாவது பிள்ளை வரவிருப்பதால் போகிறேன். ஆகவே இதில் ஞானம் குறைவாகவும் கவலை கூடுதலாகவும் இருக்கும்; மன்னித்துக்கொள்ளுங்கள்.

செய்தி எழுதும் முறையை ஆசிரியர் மேசையில் இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு. இந்த அலுவலகத்தில் யாராவது சோர்ந்து போயிருந்தால், "அக்காவிட்ட ஒரு மிடறு வாங்கிக் குடி" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் கதை உங்களுக்கு எப்படியும் வந்து சேரும். வேறு யாராவது சொன்னால் அதில் நான் ஒரு குடம் குடித்திருப்பேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது மூத்தவளுக்கு ஐந்து மாதம். அவள் சூப்பிப் போத்தலைத் தொடமாட்டாள். பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், நஞ்சு வைத்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பாள். நான் காலையில் பால் கொடுத்துவிட்டு, மேல்மாடியில் இருக்கும் மலர் அன்ரியிடம் அவளை விட்டுவிட்டு, வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்கு வருவேன். மதியம் திரும்ப ஓடிப்போய்ப் பால் கொடுப்பேன். மறுபடி வருவேன். காலி வீதியில் இருந்த சோதனைச்சாவடிகளில் என் முகத்தைத் தெரியாத சிப்பாய்கள் குறைவு. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையை, ஐசியை, காட்ட வேண்டும். அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் அது புதிய முகம்தான்.

அந்த நேரத்தில் நான் ஒரு சைக்கிள் அணியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய கம்பனி சம்பளம் கொடுத்து வைத்திருந்த அணி. நெடுந்தூரப் போட்டிகளில் எல்லாம் அவர்கள்தான் வென்றார்கள். நாள் முழுக்க மற்றவர்களோடு சேர்ந்து களைத்து வருவார்கள். கொழும்புக்குள் நுழைந்ததும் திடீரென்று பேய் பிடித்ததுபோல் பறப்பார்கள். அவர்களில் ஒரு பையன் போட்டி முடிந்த இடத்திலேயே விழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பிழைத்துக்கொண்டான், ஆனால் பிறகு அவன் சைக்கிளில் ஏறவில்லை. அவனைத் தேடிப்போய்ப் பார்த்தபோது, "கடைசிப் போத்தல்" என்று மட்டும் சொன்னான். கறுப்பு ஒட்டுநாடா, அதாவது ரேப், சுற்றிய போத்தல். கொழும்பு எல்லையில் வைத்துப் பயிற்சியாளர் தன் கையால் கொடுப்பது. பெயரைப் போடக்கூடாது என்றான். மற்ற வீரர்கள் அதுகூடச் சொல்லவில்லை.

பயிற்சியாளருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். நான் பலமுறை போய்க் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்.

"கொத்தமல்லித் தண்ணி மிஸ். கொஞ்சம் இஞ்சி. வேற என்னா போடப்போறோம்?"

"கொத்தமல்லி குடிச்சே அந்தப் பெடியன் விழுந்தவன்?"

"வெயிலு மிஸ். வெயிலப் பத்தி எழுதுங்க."

அந்த வருடப் போட்டி தெற்கிலிருந்து காலி வீதி வழியாக வந்து முடிந்தது. கடைசி மைல்களில் வீரர்கள் பாரத்தைக் குறைக்கப் போத்தல்களை எறிவார்கள். சனம் அதைப் பிரசாதம்போல் பொறுக்கும். நான் வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகில் முன்வரிசையில் நின்றேன். அணியின் சம்பியன் முதலாவதாக வந்தார். கறுப்பு ரேப் போத்தலை உறிஞ்சினார், எறிந்தார். அது உருண்டு என் காலடிக்கு வந்தது. நான் குனிந்து பிடித்தபோது அதன் மறுமுனையைச் சாரம் கட்டிய ஒரு பெரியவர் பிடித்திருந்தார்.

"நான்தான் முதல் பிடிச்சனான்," என்றார்.

"விடுங்கோ ஐயா, எனக்கு வேணும்."

"உமக்கென்னத்துக்கு? நீர் சைக்கிள் ஓடுறனீரோ?"

வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. "பிள்ளைக்கு ஐயா," என்றேன்.

"பிள்ளைக்கோ? அதை முதல் சொல்லுறதுக்கென்ன," என்று விட்டுவிட்டார்.

போத்தலில் பாதிக்கு மேல் இருந்தது. அதை ஆசிரியரிடம் கொடுத்தால் அவர் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார் என்பது ஏற்பாடு. வீதியைத் திறந்ததும் பஸ் ஏறினேன். சோதனைச்சாவடியில் வழக்கம்போல் எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தோம்.

உங்களுக்குத் தெரியும், போத்தலில் எது கொண்டுபோனாலும் ஒரு மிடறு குடித்துக் காட்ட வேண்டும். தண்ணீராக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், பிள்ளையின் பாலாக இருக்கலாம். குடித்தால் விடுவார்கள். இந்த நடைமுறை எனக்கும் தெரியும். தினமும் கடக்கிற இடம். இருந்தும் அந்தப் போத்தலைக் கைப்பையில் வைத்தபோது அது என் நினைவுக்கு வரவேயில்லை. என் தலையில் ஆய்வுகூடம் இருந்தது, சாவடி இருக்கவில்லை.

சிப்பாய் கறுப்பு ரேப் சுற்றிய போத்தலை வெளியே எடுத்தார். அதையும் என்னையும் பார்த்தார். ஐசியைப் பார்த்தார்.

"நங்கி, டிக்கக் பீலா பென்னன்ன," என்றார். தங்கச்சி, கொஞ்சம் குடித்துக் காட்டு.

இந்த இடத்தில் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். குடிக்கமாட்டேன் என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி, கறுப்பு ரேப் சுற்றிய ஒரு போத்தல், குடிக்கமாட்டாளாம். பொலிஸ் நிலையத்திலிருந்து எப்போது வெளியே வருவேன் என்று சொல்ல முடியாது. பிள்ளைக்கு மதியப் பால் இல்லை. உண்மையைச் சொல்லலாம். உள்ளே என்ன என்று கேட்பார். தெரியாது என்பேன். தெரியாத சாமானை ஏன் கொண்டுபோகிறாய் என்பார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்பேன். உலகத்தில் எந்தச் சாவடியிலும் அந்த உரையாடல் நல்லபடியாக முடியாது.

வாயில் வைத்திருந்துவிட்டு அப்பால் போய்த் துப்பலாம் என்று முடிவெடுத்தேன். ஒரு வாய் எடுத்தேன். இனிப்பும் கசப்புமாக இருந்தது.

"பெயர் என்ன?" என்றார் சிப்பாய்.

அவருக்கு என் பெயர் தேவைப்படவில்லை, ஐசி அவர் கையில்தான் இருந்தது. வாய்க்குள் வைத்திருப்பவர்களை அவர் எனக்கு முன்பே நிறையப் பார்த்திருக்கிறார். நான் விழுங்கிவிட்டுப் பெயரைச் சொன்னேன்.

"இது என்ன?"

"சைக்கிள் போட்டி, அய்யே. இப்ப போச்சுதே. சம்பியன் எறிஞ்ச போத்தல்." அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணா.

அவர் முகம் மாறியது. சம்பியன் அவருடைய ஊராம். ஒரே பள்ளிக்கூடமாம். போட்டி அன்று காவல் கடமையில் போட்டுவிட்டார்கள், வீதிக்கு முதுகைக் காட்டிச் சனத்தைப் பார்த்து நின்றதில் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை என்று கிட்டத்தட்ட அழுதார். போத்தலை இரண்டு கையாலும் வாங்கி ஒரு மிடறு குடித்தார். நான் "அய்யே, வேண்டாம்" என்றேன். என்னுடையதைக் குடிக்கிறாரே என்று கோபிக்கிறேன் என அவர் நினைத்தார். "கொஞ்சம்தான் நங்கி," என்று சமாதானம் சொல்லி, பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டார். அவர் மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டார். மூவரும் குடித்தார்கள். வெறும் போத்தலையாவது தாருங்கள் என்று கேட்டேன்.

"இதை நான் ஊருக்குக் கொண்டுபோக வேணும்," என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னை மரியாதையாக பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

"சான்று எங்க தங்கச்சி?" என்றார் செய்தி ஆசிரியர்.

"குடிச்சிட்டன், சேர்."

"முழுக்கவோ?"

"இல்லை. மிச்சத்தை ஆமி குடிச்சிட்டுது."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார். "சரி. இப்ப உமக்கு எப்பிடி இருக்கு?"

"நெஞ்சு படபடக்குது. கை நடுங்குது. ஆயிரம் யோசினை ஒண்டுக்குப் பின்னால ஒண்டு ஓடுது."

"அருமை. எப்ப தொடங்கினது?"

"பிள்ளை பிறந்த நாளிலயிருந்து, சேர்."

அவர் பேனையை மூடி வைத்தார்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. மலர் அன்ரி. பின்னால் மகள் கத்துவது கேட்டது. "எப்ப வாறாய்? கரைச்ச பாலை என்ர சீலையில துப்பிப்போட்டாள். உனக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறாள்."

அதுவரை நான் செய்தியைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தேன். என் உடம்பிலிருக்கும் ஒரு மிடறு அவளுக்கும் போகும் என்பது அந்த அழுகையைக் கேட்டபோதுதான் உறைத்தது. டொக்டருக்கு அடித்தேன். "என்ன குடிச்சீங்கள்?" "தெரியாது." "தெரியாட்டி நான் எப்படிச் சொல்லுறது? கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் குடுக்காதேங்கோ."

அதில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள், அதில் ஒன்றுமில்லை என்று எனக்குப் பலமுறை சொன்ன ஆள். ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழியெல்லாம் நான் செய்தது ஒரு விசித்திரமான பிரார்த்தனை. அது மருந்தாக இருந்தால் என் செய்தி உண்மை. கொத்தமல்லியாக இருந்தால் என் பிள்ளைக்குச் சாப்பாடு. புறக்கோட்டை தாண்டும் வரை கொத்தமல்லி கொத்தமல்லி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

கடை வாசலில் வெற்றிக் கொண்டாட்டம். பாற்சோறு பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க மிஸ். கொத்தமல்லித் தண்ணி ஜெயிச்சிருச்சு."

"மாஸ்டர், அதை நான் குடிச்சிட்டன்."

"எத?"

"சம்பியன்ர கடைசிப் போத்தலை. செக்பொயின்ற்றில குடிக்க வைச்சிட்டாங்கள். எனக்குக் கைப்பிள்ளை. ஐஞ்சு மாசம். என்ர பாலைத் தவிர ஒண்டும் குடியாள். இப்ப பசியில கத்துறாள். குடுக்கலாமோ?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "தாராளமா குடுங்க மிஸ். கொத்தமல்லி ஒடம்புக்கு நல்லதுதானே."

"சரி, மாஸ்டர். அப்ப போய்க் குடுக்கிறன்."

உண்மையாகவே போய்க் கொடுக்கத்தான் திரும்பினேன். இதை எவரும் நம்புவதில்லை. கெட்டிக்காரத்தனமாக அவரை மடக்கினேன் என்று நினைக்கிறார்கள். இல்லை. யாராவது கொடுக்கலாம் என்று சொன்னால் போதும் என்ற நிலையில் இருந்தேன். ஓட்டோ புறப்பட்டு ஜெயந்தி நகர் பக்கம் திரும்பும் முன் யாரோ கம்பியைத் தட்டினார்கள். மாஸ்டர் கூடவே ஓடிவந்துகொண்டிருந்தார். கையில் இன்னும் பாற்சோற்றுக் கரண்டி.

"மிஸ், நில்லுங்க. இது பேப்பருக்குக் கேட்டதா, பிள்ளைக்குக் கேட்டதா?"

"பிள்ளைக்கு."

"எழுத மாட்டீங்களே?"

இதற்கு யோசிக்க வேண்டும் என்று உங்களுக்குப் படிப்பிப்பார்கள். நான் யோசிக்கவில்லை.

"மாட்டன்."

அவர் மூச்சு வாங்கினார். "அப்ப குடுக்காதீங்க. இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பகலும் வேணாம். பிழிஞ்சு ஊத்திருங்க. இளைப்புக்குக் குடுக்குற மாத்திரை அதுல இருக்குது. தூக்கத்த விரட்டுற மாத்திரை ஒண்ணும் இருக்குது." இரண்டின் பெயரையும் சொன்னார். டொக்டரிடம் சொல்வதற்காக என்னை இருமுறை திருப்பிச் சொல்ல வைத்தார். "போத்தல்ல குடிக்காட்டி கரண்டியால குடுத்துப் பாருங்க. எங்க வீட்டுச் சின்னதும் அப்படித்தான்."

வீடு திரும்பும் வழியில் சாவடியில் காலி வீதியே அடைத்துக் கிடந்தது. மூன்று சிப்பாய்களும் அந்தச் சாவடியின் சரித்திரத்தில் எவரும் காணாத சுறுசுறுப்போடு இருந்தார்கள். ஒருவர் பஸ்ஸின் கூரையில் நின்றார். இன்னொருவர் ஒரு சாப்பாட்டுக் கரியரின் ஒவ்வொரு தட்டையும் திறந்து கறிகளைப் பற்றி விசாரித்தார். என் ஆள் என்னைக் கண்டதும் கண்கள் பளபளக்க "நங்கி!" என்று ஓடிவந்து கைப்பையை இரண்டுமுறை சோதித்தார். அன்று பின்னேரம் முழுவதும் போக்குவரத்து முடங்கியது. உளவுத் தகவல் ஏதோ கிடைத்திருக்கிறது என்று மறுநாள் பத்திரிகைகள் ஊகித்தன. எங்கள் பத்திரிகையும்.

மகள் கரண்டியால் குடித்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒருமுறை கத்தி, ஒருமுறை என் முகத்தில் அடித்துக் குடித்தாள். நான் குளியலறைக்குள் நின்று பாலைப் பிழிந்து ஊற்றிக்கொண்டு அழுதேன். மருந்தா, பிள்ளையா, அழுகைக்குக் காரணம் எது என்று அப்போதும் தெரியவில்லை.

மறுநாள் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எழுத முடியாது என்பதையும் சேர்த்து.

"தாயா கேட்டதை நிருபரா எழுதுறதுக்கென்ன? ரெண்டும் ஒரே ஆள்தானே!"

"ஓம் சேர். அதாலதான் ஏலாது."

அவர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். நான் சரி என்று உறுதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். விழுந்த பையனின் முகம் அடிக்கடி வந்தது. இன்னொருவன் விழுந்தால், அவனுடைய தாய்க்கு நான் என்ன சொல்வது? என் பிள்ளைக்காக ஒரு வாக்குக் கொடுத்தேன், உங்கள் பிள்ளையை அதில் நான் கணக்கெடுக்கவில்லை என்றா? ஆசிரியர் வேறொருவரை வைத்து, 'கறுப்புப் போத்தலில் என்ன?' என்று ஒரு சிறு கேள்வியை மட்டும் பிரசுரித்தார். விழுந்த பையன் எல்லோருக்கும் நினைவிருந்ததால் மற்றப் பத்திரிகைகளும் கேட்கத் தொடங்கின. கடைசியில் கம்பனிக்கு ரோசம் வந்து கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் பத்திரிகையாளர் கூட்டம் வைத்தது.

அன்று மலர் அன்ரிக்குக் காய்ச்சல். வேறு நிருபர் அகப்படவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தின் பின்வரிசையில் நின்று அவள் என் தோட்டைப் பிடுங்கப் பார்த்தாள்.

மேடையில் கழுத்துப்பட்டியோடு ஒரு முகாமையாளர். அவர் பக்கத்தில் மாஸ்டர், இரவல் கோட்டில். முன்னால் பெரிய கண்ணாடிச் சாடியில் அந்தப் பானம். மறைப்பதற்கு எதுவுமில்லை, அனைவரும் அருந்திப் பாருங்கள் என்றார் முகாமையாளர். மாஸ்டர் ஒலிவாங்கியில் கொத்தமல்லி, இஞ்சி என்று மூன்று மொழியிலும் சொன்னார். பிறகு இறங்கிவந்து தன் கையாலேயே கிளாஸ்களை நீட்டினார். ஒலிவாங்கியைக் கீழே வைக்க மறந்து கக்கத்தில் இடுக்கியிருந்தார். நிருபர்கள் குடித்தார்கள், தலையாட்டினார்கள். கடைசியாக என்னிடம் வந்தார். மகளைப் பார்த்தார். கிளாஸை நீட்டிக் குனிந்து, இரகசியமாகச் சொன்னார்.

"இது நீங்க குடிக்கலாம் மிஸ்."

மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்த ஒலிபெருக்கிகளும் அதைச் சொன்னன.

எல்லோரும் திரும்பினார்கள். தமிழ் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டார்கள். மாஸ்டர் குனிந்து தன் கக்கத்தைப் பார்த்தார். நான் கொடுத்த வாக்கு ஓட்டோவில் சொன்னதற்கு. இது நூறுபேர் முன்னால் சொன்னது. நான் கேட்கலாம். ஆனால் இந்த வசனம் அவர் வாயில் வந்ததே என் பிள்ளைமேல் இருந்த கரிசனையால். அதைப் பிடித்து அவரை இழுப்பதா? இழுக்காவிட்டால் அடுத்த போட்டியில் யார் விழுவது? இதையெல்லாம் நான் நினைத்தது ஒரு பிள்ளை ஒருமுறை தோட்டை இழுக்கிற நேரத்துக்குள். காது வலித்தது. கேட்டேன்.

"அப்ப எதை மாஸ்டர் நான் குடிக்கக்கூடாது?"

"அடுத்த கேள்வி," என்றார் முகாமையாளர்.

மாஸ்டர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிவாங்கி கக்கத்திலேயே இருந்தது. அது இருப்பது இப்போது அவருக்குத் தெரியும்.

"மிஸ் அன்னைக்குக் குடிச்சீங்களே, அந்தக் கறுப்புப் போத்தல்ல இருந்தத," என்றார்.

அடுத்த கணம் நிருபர்கள் பாய்ந்தார்கள், மாஸ்டரிடம் அல்ல, என்னிடம். என்ன குடித்தீர்கள்? எப்போது? யார் கொடுத்தது? இப்போதும் குடிக்கிறீர்களா? படப்பிடிப்பாளர்களின் வெளிச்சத்தில் மகள் அலறினாள். ஓட்டோவில் அவர் சொன்னதைத் தவிர எல்லாவற்றையும் நான் நேர்மையாகச் சொன்னேன். அது பிழை என்று இப்போது தெரியும். மறுநாள் எங்கள் பத்திரிகையில் என் செய்தி ஒழுங்காக வந்தது. மற்ற எல்லாவற்றிலும், "ஊக்கமருந்து அருந்திய பெண் நிருபர்" என்று, பிள்ளையோடு என் படம் வந்தது. விளையாட்டு அதிகாரிகள் விசாரணை வைத்தார்கள். அதில் முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டு, நான் எந்தப் போட்டியில் பங்குபற்றினேன் என்று கேட்டார்கள்.

அந்த அணி அடுத்த போட்டியில் கடைசிப் போத்தல் இல்லாமல் ஓடியது. நடுவில் எங்கோ வந்து முடித்தார்கள். எல்லோரும் தங்கள் காலில் நடந்து போனதை நான் நின்று பார்த்தேன்.

மாஸ்டரைக் கம்பனி நிறுத்திவிட்டது. சில கிழமைகள் கழித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஓட்டோவில் வரும்போதே பேசவேண்டியதை ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் ஒரு சைக்கிள் சில்லைக் கவிழ்த்துவைத்துக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்குமுன் அவர் கேட்டார்.

"பிள்ளை அன்னைக்கு ஏதாச்சும் குடிச்சிச்சா மிஸ்?"

"கரண்டியால குடிச்சவ. எனக்கு அடிச்சு அடிச்சு."

"நல்லது."

சில்லைச் சுற்றிவிட்டு அது ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்தார். நான் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது.

"மாஸ்டர், அண்டைக்கு நான் அந்தக் கேள்வியைக் கேட்டது சரியோ?"

அவர் நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையாட்டிச் சிரித்தார்.

"நான் சொல்ல மாட்டேன் மிஸ். சொன்னா எழுதிருவீங்க."